என் சர்நேம் வாஷிங்டன்: இது ஆள் பெயரா, ஊர்ப் பெயரா?

செல்வின்_டபிள்யூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இழை தொடங்குவது இதுதான் முதல் முறை. தப்பான பகுதியில் போட்டிருந்தால் நிர்வாகிகள் மாற்றிவிடுங்கள்.

என் அப்பா பெயர் வாஷிங்டன். தாத்தா சரித்திர வாத்தியார். மூத்த மகனுக்கு லிங்கன், இளையவருக்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கம் இது அதிசயமே இல்லை, என் வகுப்பிலேயே ஒரு கென்னடியும் இரண்டு நெல்சனும் இருந்தார்கள், ஏன் இந்தப் பெயர் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நானும் இருபத்தெட்டு வயது வரை டபிள்யூ. செல்வின்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து சர்நேம் கட்டத்தில் எழுது என்றார்கள், எழுதினேன், அன்றிலிருந்து நான் மிஸ்டர் வாஷிங்டன்.

இப்போது வேலை இங்கிலாந்தில், சண்டர்லாந்தில். சேர்ந்த முதல் நாள் எங்கள் ஷிஃப்டில் ஒரு பெரியவர் என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "வாஷிங்டனா? எங்க ஊராச்சே! உங்க ஆளுங்க எப்போ இங்கிருந்து கிளம்பினாங்க?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். பார்த்தால் பத்து கிலோமீட்டர் தள்ளி உண்மையிலேயே வாஷிங்டன் என்று பலகை வைத்துக்கொண்டு ஒரு ஊர் இருக்கிறது. "அமெரிக்காவைப் பார்த்துப் பேர் வச்சீங்களா" என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன். அந்த மனுஷன் கேன்டீனில் இருந்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார், இன்னும் சிரிக்கிறார்.

சரி, கேள்வி இதுதான். ஊரிலிருந்து ஆளுக்குப் போன பெயரா, ஆளிலிருந்து ஊருக்கு வந்த பெயரா? அதற்கு என்னதான் அர்த்தம்? சும்மா பொழுதுபோகாமல் கேட்கவில்லை. மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். இங்கே குழந்தை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், சர்நேம் என்ன என்று கேட்பார்கள். நம் வழக்கப்படி செல்வின் என்று போடுவதா, இல்லை தாத்தாவின் சரித்திரப் பாடத்தை இன்னொரு தலைமுறைக்கு இழுப்பதா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு.

கொக்கரக்கோ எழுதியது:

வாஷிங் + டன். ஒரு நாளைக்கு ஒரு டன் துணி துவைத்த ஊர். இதற்கெல்லாம் எதற்கு இழை?

டைன்நதி எழுதியது:

வாங்க செல்வின், பக்கத்து ஊர்க்காரர் ஆகிவிட்டீர்கள். நான் நியூகாசிலில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அந்தப் பெரியவர் சிரித்ததில் தப்பே இல்லை, இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் நிரந்தர எரிச்சல். உலகம் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னால் வெள்ளை மாளிகை ஞாபகம் வருகிறது, அசல் ஊர்க்காரன் போய் "நான் வாஷிங்டன்" என்றால் "அமெரிக்காவா?" என்று கேட்கிறார்கள்.

அமெரிக்கத் தலைநகருக்கு அந்தப் பெயர் வந்தது 1791-இல். இந்த ஊர்ப் பெயர் 1183-ஆம் வருஷத்து ஆவணத்திலேயே இருக்கிறது. இப்போது நீங்கள் பார்க்கிற ரவுண்டானாக்களும் வரிசை வீடுகளும் 1964-இல் இதைப் புதுநகரமாக அறிவித்த பிறகு கட்டியவை, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய கிராமம் அப்படியே நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் வாஷிங்டன் ஓல்டு ஹால் என்று ஒரு கல்வீடு இருக்கும், ஜார்ஜ் வாஷிங்டனின் மூதாதையர் இருந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தடுத்துத் தடுத்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பிறகு பாழடைந்து இடிக்கப் போகிற நிலைமையில் 1936-இல் உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்துக் காப்பாற்றினார்கள், இப்போது நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது. 1977-இல் ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மற்றபடி பெயரின் அர்த்தம் பற்றிப் பழைய வாத்தியார் ஐயா வந்து சொல்வார், அவருக்கு இதெல்லாம் அல்வா.

பழைய_வாத்தியார் எழுதியது:

அல்வா என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டீர்கள், வராமல் இருக்க முடியுமா.

தம்பி செல்வின், ஆள் பெயரா ஊர்ப் பெயரா என்று கேட்டீர்கள். இரண்டும்தான், மாறி மாறி. முதலில் துவைக்கிற சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். வாஷ் என்ற அந்த எழுத்துக்கூட்டல் பின்னால் வந்தது. 1183 ஆவணத்தில் வாசிங்டோனா என்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பின்னால் வெசிங்டன் என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் இருப்பது ஹ்வேசா என்கிற ஓர் ஆளின் பெயர், பழைய ஆங்கிலப் பெயர். அதோடு இங் என்ற ஒட்டு, இன்னாரைச் சேர்ந்தது என்று காட்டுவது. கடைசியில் டூன். மொத்தத்தில் ஹ்வேசாவுக்குச் சொந்தமான பண்ணை. அந்த ஹ்வேசா யார், என்ன செய்தார் என்று ஒரு வரிகூட எந்தப் பதிவிலும் கிடையாது. ஊர்ப் பெயருக்குள் மாட்டிக்கொண்டதால் மட்டும் பிழைத்த மனுஷன்.

இந்த டூன் என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. ஆரம்பத்தில் அதற்கு வேலி என்று பொருள். ஜெர்மனில் இன்னமும் அதன் உறவுச் சொல் ட்ஸவுன் என்றால் வேலிதான், டச்சில் டவுன் என்பது மாதிரி ஒரு சொல் தோட்டத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் வேலி, வேலி போட்ட இடம், பண்ணை, கிராமம் என்று பொருள் பெருத்துக்கொண்டே போய்க் கடைசியில் நகரத்தைக் குறிக்கிற டவுன் ஆகிவிட்டது. உங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற அடைப்பு, அதுதான் ஊருக்கு ஈறாக நிற்கிறது. இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனாலும் வேலியடைத்தவன் மூளை எங்கேயும் ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது. ஆக உங்கள் சர்நேமைத் தமிழாக்கினால் ஹ்வேசன்பட்டி.

இன்னொன்று. இங்கிலாந்தில் வாஷிங்டன் ஒன்று இல்லை, இரண்டு. தெற்கே மேற்கு சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் கிராமம் உண்டு. அதற்குப் பத்தாம் நூற்றாண்டுப் பட்டயத்திலேயே பதிவு இருக்கிறது, வடக்கே இருப்பதைவிடப் பழைய பதிவு. அங்கே அடிப்பெயர் வாசா, அந்த ஆளின் கூட்டத்தார் பண்ணை என்று பொருள் சொல்வார்கள். பார்க்க இரண்டும் ஒரே பெயர், அடியில் வேறு வேறு ஆட்கள்.

கொக்கரக்கோ எழுதியது:

ஹ்வேசன்பட்டி செல்வின். நாதஸ்வர வித்வான் மாதிரி இருக்கிறது. இதையே பதிந்துவிடுங்கள்.

ராஜகம்பீரன் எழுதியது:

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் சர்நேமாக இருந்தால் அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் அந்த ஊரை ஆண்டது என்று அர்த்தம். 1066-க்குப் பிறகு நார்மன்காரர்கள் பிரான்சிலிருந்து வந்து, இன்ன ஊர்க்காரர் என்று காட்ட ஊர்ப் பெயருக்கு முன்னால் டி என்று போட்டுக்கொண்டார்களே, அதுதான். நம்ம ஜமீன்தார்கள் மாதிரி. மற்றவர்களெல்லாம் தொழிலை வைத்து ஸ்மித், டெய்லர், குக், இல்லையென்றால் அப்பன் பெயரை வைத்து ஜான்சன், வில்சன். ஊர்ப் பெயர் வைத்தவன் என்றாலே கொஞ்சம் உசத்தி. செல்வின் தைரியமாக வாஷிங்டன் என்றே போடலாம், கௌரவமான பெயர்.

பழைய_வாத்தியார் எழுதியது:

கம்பீரன், இதில் பாதிதான் சரி. அந்தப் பாதி வாஷிங்டனுக்கே பொருந்துவதுதான் வேடிக்கை.

1183-இல் டர்ஹாம் பிஷப் தன் நிலங்களையெல்லாம் கணக்கெடுக்கச் சொன்னார், போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு குறிப்பு. ஹார்ட்பர்ன் ஊர்க்காரர் வில்லியம் தன் ஹார்ட்பர்னை பிஷப்பிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார், தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக. வருஷத்துக்கு நான்கு பவுண்டு வாடகை. அதோடு பிஷப்பின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு வந்து நிற்க வேண்டும். நில உரிமைக்கு நாயோடு வருவது ஒரு நிபந்தனை, எனக்கு இந்த வரி எப்போதும் பிடிக்கும்.

இடம் மாறியதும் ஆள் பெயரும் மாறிவிட்டது. அதுவரை வில்லியம் டி ஹார்ட்பர்ன், அதற்குப் பிறகு வில்லியம் டி வெசிங்டன். குடும்பப் பெயர் என்பது அப்போது கல்லில் வெட்டியது இல்லை, இருக்கிற நிலத்தோடு போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பிஷப் அந்த மாற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஹார்ட்பர்ன். ஹார்ட் என்றால் கலைமான், பர்ன் என்றால் ஓடை. மானோடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதுவரை உங்கள் கட்சி. ஆனால் இங்கிலாந்தில் ஊர்ப் பெயர் சுமக்கிற லட்சக்கணக்கான குடும்பங்களில் இப்படி ஊரையே வைத்திருந்தவர்கள் சின்னக் கூட்டம். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் நேர் எதிர். அவர்கள் அந்த ஊரை விட்டுப் போனவர்கள். ஊருக்குள்ளேயே இருக்கிறவனை அந்த ஊர்ப் பெயரால் யார் கூப்பிடுவார்கள்? கோவில்பட்டிக்குள் நின்றுகொண்டு "கோவில்பட்டிக்காரரே" என்று கூப்பிட்டால் ஊரே திரும்பும். அதே ஆள் மதுரையில் கடை போட்டால் மறுநாளே கோவில்பட்டிக்காரர். இங்கிலாந்திலும் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவனைப் பக்கத்துக் கடைக்காரன் அவன் ஊரை வைத்து அடையாளம் சொன்னான், வரிக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா அதையே எழுதிக்கொண்டான், பிள்ளைக்கும் அதுவே தொடர்ந்தது. 1400 வாக்கில் பெரும்பாலான இடங்களில் இப்படி ஒட்டியது ஒட்டியபடி பரம்பரைப் பெயராகிவிட்டது. நடுவில் இருந்த டி என்பதும் மெல்ல உதிர்ந்துபோனது.

ஃபோர்டு, ஹாம், லீ, டன், இந்த நான்கில்தான் ஆங்கிலேயர் குடும்பப் பெயர் பாதிக்கு மேல் ஓடுகிறது என்று ஒரு பழைய ஈரடிப் பாட்டே உண்டு. ஃபோர்டு ஆற்றில் இறங்கிக் கடக்கிற துறை, ஹாம் குடியிருப்பு, லீ காட்டுக்கு நடுவே உள்ள வெளி. நியூட்டன் என்றால் புதுப்பட்டி, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர். அதனால் இரண்டு நியூட்டன்கள் சந்தித்தால் உறவு கொண்டாட வேண்டியதில்லை.

ராஜகம்பீரன் எழுதியது:

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விட்டுப்போனவன்தான் என்பதற்கு ஒரு உதாரணமாவது வேண்டாமா? நீங்கள் காட்டிய ஒரே உதாரணம் என் பக்கம் இருக்கிறது.

பழைய_வாத்தியார் எழுதியது:

நியாயம்தான். உதாரணம் செல்வின் வீட்டிலேயே இருக்கிறது, அவருடைய பெரியப்பா.

லிங்கன் என்பது இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஒரு பழைய நகரம். ரோமானியர் காலத்தில் லிண்டம் கொலோனியா. முதல் பாதி ரோமானியருக்கும் முந்தைய பிரித்தானிய மொழிச் சொல், நீர்நிலை என்று பொருள். வேல்ஷ் மொழியில் ஏரிக்கு இன்றும் அதன் தம்பிச் சொல்தான். ஊர் நடுவே பிரேஃபோர்டு குளம் இன்னமும் கிடக்கிறது. பின்பாதி ஓய்வுபெற்ற ரோமானியச் சிப்பாய்களைக் குடியமர்த்திய இடம் என்பதைக் காட்டுவது. இரண்டும் சேர்ந்து தேய்ந்து தேய்ந்து லிங்கன் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதும்போது வருகிற அந்தக் கடைசி எல் எழுத்து கொலோனியாவின் மிச்சம். யாரும் உச்சரிப்பதில்லை, யாரும் எடுத்துப் போடவும் இல்லை.

இப்போது ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்துக்கு வாருங்கள். அவருடைய மூதாதை சாமுவேல் லிங்கன் 1637-இல் கப்பலேறினார். எந்த ஊரிலிருந்து? நார்ஃபோக்கில் ஹிங்கம் என்ற ஊரிலிருந்து. லிங்கன் நகரத்திலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். லிங்கனை ஆண்ட குடும்பமெல்லாம் இல்லை, அவர் நெசவுத் தொழிலில் பயிற்சி எடுத்த பையன். எப்போதோ ஒரு முன்னோர் லிங்கனிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார், வந்த இடத்தில் "லிங்கன்காரர்" ஆகியிருக்கிறார்.

ஆக உங்கள் தாத்தா தெரிந்தோ தெரியாமலோ ஒரு மகனுக்கு ஊரை வைத்திருந்தவன் பெயரையும் இன்னொரு மகனுக்கு ஊரை விட்டவன் பெயரையும் வைத்திருக்கிறார்.

ராஜகம்பீரன் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். பாதிதான் சரி. அந்தப் பாதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வர்ஜீனியா_வெயில் எழுதியது:

இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைவீடான மவுண்ட் வெர்னன் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம், ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப்போய் அழைத்துப்போய் அங்குள்ள வழிகாட்டிகளுக்கு என் முகம் பழகிவிட்டது.

வாத்தியார் ஐயா சொன்ன அந்த நிலம்கூடக் குடும்பத்திடம் நிலைக்கவில்லை. மூத்த கிளையில் பெண்வழியாக வேறு குடும்பத்துக்குப் போய், 1613-இல் மறுபடி டர்ஹாம் பிஷப்புக்கே விற்றுவிட்டார்கள். ஜார்ஜின் கிளை அதற்கு வெகுகாலம் முன்பே நகர்ந்துவிட்டது. லங்காஷயர், அங்கிருந்து நார்தாம்ப்டன். அங்கே லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்து மேயராகி, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539-இல் சல்கிரேவ் என்ற இடத்தை வாங்கி வீடு கட்டினார். அவர் வம்சத்தில் இன்னொரு லாரன்ஸ், பாதிரியார். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643-இல் சாராயக்கடையே கதியாகக் கிடக்கிறார் என்று குற்றம்சாட்டி எசெக்ஸ் தேவாலயத்திலிருந்து அவரைத் துரத்திவிட்டார்கள். உண்மையா, அரசியல் பழிவாங்கலா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். அவர் அரசர் கட்சி, துரத்தியவர்கள் பாராளுமன்றக் கட்சி என்பதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். எப்படியோ, குடும்பம் நொடித்தது. மகன் ஜான் புகையிலை ஏற்ற வந்த கப்பலில் வர்ஜீனியாவுக்கு வந்தார், கப்பல் போட்டோமேக் ஆற்றில் தரைதட்டியது, 1657 வாக்கில் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ். ஆக கம்பீரன், வாஷிங்டன்களும் கடைசியில் விட்டுப்போனவர்கள் கணக்கில்தான் வருகிறார்கள்.

ஜார்ஜுக்கு இதிலெல்லாம் அக்கறையே கிடையாது. லண்டனிலிருந்து குலமுறை ஆராய்கிற அதிகாரி ஒருவர் வம்சம் பற்றிக் கேட்டு எழுதியபோது, இதில் தான் பெரிதாகக் கவனம் செலுத்தியதில்லை என்றுதான் 1792-இல் பதில் போட்டார். ஆனால் குடும்பச் சின்னத்தை மட்டும் பயன்படுத்தினார், வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். 1938-இலிருந்து தலைநகரத்தின் கொடியே அதுதான். தேசியக் கொடியும் இதிலிருந்து வந்தது என்று சுற்றுலாக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அதற்கு ஆதாரம் கிடையாது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் என்று சர்நேம் உள்ளவர் ஒருவரைப் பார்த்தால் அவர் பெரும்பாலும் கறுப்பினத்தவராக இருப்பார். 2000-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 1,63,036 பேருக்கு இந்த சர்நேம், அதில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். இத்தனை பேரும் அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்ஜ் 1799-இல் சாகும்போது மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர், அவருக்கே சொந்தமாயிருந்த 123 பேரை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதினார். அந்தப் பண்ணையில் எப்போதாவது அடிமையாக இருந்தவர்களில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஹாரி வாஷிங்டன் மறக்கக் கூடாதவர். அமெரிக்கப் புரட்சிப் போரின்போது எஜமானை விட்டுத் தப்பி எதிர்த்தரப்பான பிரிட்டிஷ்காரரிடம் சேர்ந்து, அங்கிருந்து கனடாப் பக்கம் நோவா ஸ்கோஷியா, அதன்பின் 1792-இல் சியரா லியோன். எஜமானின் பெயரை எடுத்துக்கொண்டுதான் எஜமானிடமிருந்து தப்பி ஆப்பிரிக்காவுக்கே திரும்பினார்.

மற்றவர்கள் 1865-இல் அடிமைமுறை ஒழிந்ததும் தாங்களே பெயர் தேர்ந்தெடுத்தவர்கள். அடிமையாகப் பிறந்து பின்னால் பெரிய கல்வியாளரான புக்கர் வாஷிங்டன் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார்: பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார், அவருக்கோ புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்துவைத்து, வாத்தியார் கேட்டதும் புக்கர் வாஷிங்டன் என்று பதற்றமில்லாமல் சொல்லிவிட்டார். அம்மா தனக்கு டாலிவர் என்று இன்னொரு பெயர் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்ததாம், அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார்.

செல்வின், நீங்கள் பாஸ்போர்ட் கட்டத்தில் எழுதியதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

செல்வின்_டபிள்யூ எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரோ வெள்ளைக்கார ஜமீன் பெயரை ஓசியில் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு கூச்சம் உள்ளுக்குள் இருந்தது, பேட்ஜைத் திருப்பி மாட்டிய நாளெல்லாம் உண்டு. லட்சம் பேருக்கு மேல் அதைத் தாங்களாகவே எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்ததும் அது பாதி போய்விட்டது.

குன்னூர்_குளிர் எழுதியது:

இதே கதை எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இருக்கிறது, யாரும் சொல்லாததால் சொல்கிறேன். குன்னூரை ஒட்டி இருக்கிற வெலிங்டன், ராணுவ அதிகாரிகள் கல்லூரி இருக்கிற இடம். பழைய பெயர் ஜக்கதலா, பக்கத்துக் கிராமத்துக்கு இன்னும் அதே பெயர்தான். பிரிட்டிஷ்காரர்கள் படைவீடு கட்டியபோது வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அவருடைய சர்நேம் வெல்லெஸ்லி, அதுவும் சாமர்செட்டில் ஓர் இடம். 1809-இல் பட்டம் கொடுத்தபோது அவர் ஸ்பெயினில் போரில் இருந்தார், என்ன பெயர் என்று தேர்ந்தெடுத்தது லண்டனில் இருந்த அண்ணன். குடும்பப் பெயர் மாதிரியே ஒலிக்கிறது என்று அதே சாமர்செட்டில் வெலிங்டன் என்ற ஊரைப் பிடித்தாராம். அந்த ஊர்ப் பெயரைப் பிரித்தால் வியோலா என்ற ஆளின் பண்ணை என்கிறார்கள், வாத்தியார் சொன்ன அதே இங், அதே டூன். எங்கேயோ மாடு வளர்த்த வியோலாவின் பெயர் நீலகிரியில் ரயில் நிலையப் பலகையில் தொங்குகிறது.

கம்பம்_பள்ளத்தாக்கு எழுதியது:

நீலகிரிக்காரர் வந்துவிட்டார், தேனிக்காரன் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது. எங்கள் பென்னிகுவிக் பெயரும் ஊர்ப் பெயர்தானே? எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் வைக்கிறோம், பொங்கல் நாளில் படத்துக்கு மாலை போடுகிறோம், அர்த்தம் மட்டும் தெரியாது.

பழைய_வாத்தியார் எழுதியது:

ஊர்ப் பெயர்தான், ஆனால் ஆங்கில ஊர் அல்ல, ஸ்காட்லாந்து. எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுக் என்று ஓர் ஊர், அங்கே டூனும் இல்லை ஹாமும் இல்லை. வேல்ஷ் மொழியின் மூத்த உறவான பழைய பிரித்தானிய மொழிச் சொற்கள். பென் என்றால் தலை அல்லது குன்று, கடைசியில் இருப்பது குக்கூப் பறவை. குக்கூக் குன்று. நம் குயிலும் அந்தப் பறவைக் குடும்பம்தான் என்பதால் குயில்குன்று என்றே சொல்லிக்கொள்ளலாம். அவர் பிறந்தது அங்கேயும் இல்லை, 1841-இல் பூனாவில். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பம்_பள்ளத்தாக்கு எழுதியது:

குயில்குன்று! ஐயா, இதை இன்று இரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.

கொக்கரக்கோ எழுதியது:

எல்லாருக்கும் குயில், மான், ஓடை. செல்வினுக்கு மட்டும் வேலி போட்ட பண்ணை. நான் சொன்ன துணி துவைக்கிற கதையே தேவலாம் போலிருக்கிறது.

டைன்நதி எழுதியது:

செல்வின், ஆறு வாரமாகக் காணோம். என்ன ஆச்சு?

செல்வின்_டபிள்யூ எழுதியது:

மன்னிக்கவும், தூக்கமே இல்லை. பெண் குழந்தை, இருவரும் நலம்.

நேற்றுதான் பதிவு முடிந்தது. பெயர் பற்றிக் கடைசி வரை வீட்டில் ஒத்துப்போகவில்லை. மனைவிக்கு செல்வின்தான் வேண்டும், அதுதான் நம் முறை, அப்பன் பெயர்தான் பிள்ளைக்கு என்கிறாள், அதிலும் தப்பு சொல்ல முடியாது. நம்மிடம் ஒவ்வொரு தலைமுறையும் இனிஷியலைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்கிறது, இவர்களிடம் 800 வருஷமாக அதே ஒன்று ஓடுகிறது. கடைசியில் வாத்தியார் ஐயா பாணியில் ஒரு மாற்று செய்துகொண்டோம். முதல் பெயரை அவள் வைத்தாள், நடுவில் செல்வின், கடைசியில் வாஷிங்டன். பதிவு செய்த அம்மா எழுதிக்கொண்டே, "டவுன் பேர் மாதிரியேவா?" என்று கேட்டார். ஆமாம், அதே எழுத்துகள்தான் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

ஓல்டு ஹாலுக்கும் போனோம். நாங்கள் போன நாளில் மூடியிருந்தது, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். அப்பாவுக்கு போனில் ஹ்வேசா, நாலு வேட்டைநாய், புக்கர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஊர் போர்டுல நம்ம பேர் போட்டிருக்கா? புள்ளையத் தூக்கிட்டு அதுக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ அனுப்பு, லிங்கன் அண்ணனுக்குக் காட்டணும்." எடுத்து அனுப்பினேன், மழை, குழந்தை கத்திக்கொண்டிருந்தது, பெயர்ப் பலகை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. இப்போது பெரியப்பா தினமும் போன் செய்கிறார், அவருக்கும் ஒரு போட்டோ வேண்டுமாம். இங்கிருந்து லிங்கனுக்கு எப்படிப் போவது?

டைன்நதி எழுதியது:

வாழ்த்துகள்! நியூகாசிலில் ஏறி நியூவார்க்கில் மாறுங்கள். கைக்குழந்தையோடு இப்போது வேண்டாம், அங்கே தேவாலயம் மலை மேல் இருக்கிறது, அந்த ஏற்றத்தில் தள்ளுவண்டியைத் தள்ள முடியாது. பெரியப்பாவைக் கோடை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.